காற்றைப் பணிகொள்ளல்

ஆடி பிறந்துவிட்டால் திண்டுக்கல் சமவெளியில் காற்றைத் தவிர வேறு பேச்சில்லை. மலைக்கோட்டைப் பாறைமீது ஏறி நின்றால் தோளில் துண்டு தங்காது. மேல்காற்றுக்குப் பழந்தமிழில் கோடை என்று பெயர் என ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். அதற்குமேல் காற்றைப் பற்றி நாம் அறிந்தது ஏதுமில்லை என்பது சென்ற ஆடியில்தான் புரிந்தது.

பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மாலையில் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் பள்ளி நாள்களில் நம் வீட்டுத் திண்ணையில் தமிழ் படித்தவள். இப்போது வெளிமாநிலத்தில் சிறுவிமானம் ஓட்டப் பயில்கிறாள். கட்டணத்துக்காக ஆத்தூர்ப் பக்கத்து நிலத்தை விற்றிருந்தார் நண்பர். அன்று அவள் தனியே பறக்க வேண்டிய நாள். ஓடுதளத்தின் முனைவரை சென்றவள், புறப்படாமல் திரும்பிவிட்டாளாம்.

"பயந்துட்டா சார். நீங்க சொன்னாக் கேப்பா" என்றார்.

நமக்கும் அது அச்சமென்றே பட்டது. தொலைபேசியில் அழைத்துப் புறநானூற்றின் 66ஆம் பாடலை எடுத்துரைத்தோம். கரிகாலனின் முன்னோன் காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக்குயத்தியார் பாடியதைச் சொல்லி ஊக்கினோம். பொறுமையாகக் கேட்டவள், "எதிர்காத்துன்னா எனக்கு நல்லதுங்கய்யா. பக்கக்காத்துதான் வம்பு" என்றாள்.

அவள் விளக்கியதன் சாரம் இது. எதிர்காற்றில் விமானம் குறைந்த தூரம் ஓடியே எழும்பிவிடும். பின்காற்றிலோ ஓடுதளம் போதாமற் போகலாம். பக்கக்காற்று வாலைத் தள்ளுவதால் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். அப்பக்கத்து இறக்கையும் மேலெழப் பார்க்கும். கையால் இறக்கையை அடக்கி, காலால் சுக்கானை மிதித்து நேரே ஓட்ட வேண்டும். 20 நாட் காற்று ஓடுதளத்துக்கு 30 பாகை சாய்ந்து வீசினால் பக்கவாட்டில் 10 நாட். நேர் குறுக்கே வீசினால் முழு இருபதும். செஸ்னா 172 விமானத்தில் செய்துகாட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். தனியே பறக்கும் மாணவருக்கு வரம்பு அதனினும் குறைவு. அன்று காற்றுப்பை ஓடுதளத்துக்குக் குறுக்கே விறைப்பதும் தொய்வதுமாக இருந்ததாம்.

"நிலையா அடிச்சாச் சமாளிக்கலாங்கய்யா. விட்டுவிட்டு அடிக்கிறதை நம்ப முடியாது. தரையை விட்டதும் தாங்குற காத்து நின்னுட்டா, கீழ போட்டுடும்."

அன்றிரவு ரைட் சகோதரர் நினைவுக்கு வந்தனர். 1903 டிசம்பர் 17 அன்று, மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசிய எதிர்காற்றில் அவர்களின் விமானம் எழுந்தது. முதல் முறை 12 நொடிகள், 120 அடி. நான்காம் முறை பறந்து இறங்கியபின், தரையில் நின்றிருந்த அதே விமானத்தை ஒரு வன்காற்று புரட்டி உடைத்துவிட்டது.

மறுநாள் பட்டறைக்குச் சென்று, மகள் செய்ததே சரி என்றோம். நண்பர் அரத்தைக் கீழே வைத்தார். "அப்ப, பயமில்லையா?" என்று கேட்டார். பயமும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது என்றோம். அவளுக்கு வீரம் போதித்ததற்காக நாம் வெட்கியதை அவரிடம் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "இன்னிக்கு எதிர்காத்துங்கய்யா. பறந்துட்டேன்."

இவ்வாண்டும் அப்பாடலை நடத்தினோம். காற்றைப் பணிகொண்டவன் எத்தனை நாள் கலத்தைக் கரையிலேயே கட்டிவைத்துக் காத்திருப்பான் என்று மாணவரைக் கேட்டோம். பாடலில் அதற்கு விடையில்லை. ஆயினும் கேட்காமல் அப்பாடலைக் கடக்க இனி நம்மால் இயலாது.