மேடு எழுப்பாத புற்று

புற்றுநோய் என்னும் சொல்லை வகுப்பில் விளக்க நேரும்போதெல்லாம் மண்புற்றையே நாம் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அழகர்மலை அடிவாரத்துச் செம்மண் நிலங்களில் கறையான் எழுப்பிய மேட்டைக் கண்டதும், உள்ளே ஏதோ குடியிருக்கிறது என்று ஒதுங்கி நடப்போம். உடம்பில் கட்டி தோன்றினால் அஞ்ச வேண்டும் என்பதை அச்சொல்லே நமக்குக் கற்றுத் தந்துவிட்டது. ஆயின் மேடே எழுப்பாத புற்றும் ஒன்று உண்டு என்பதை நம் தாய்மாமன் நோயுற்ற பிறகே அறிந்தோம்.

குருதிநாளத்துள் வளரும் பெரிய பி-அணு லிம்போமா என்பது அதன் பெயர். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதே அரிது. பெரும்பாலும் முதியோரைப் பற்றுவது. 1959-இல் ஃப்ளேகர், டப்பைனர் என்னும் இருவர் இதை முதன்முதலில் விவரித்தபோது, நாளத்தின் உட்சுவரில் எழும் நோய் என்றே கருதினர். அது நிணநீர் அணுக்களின் நோய் என்பது 1980-களில்தான் தெளிவாயிற்று. நாளச்சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறுவதற்கு வேண்டிய சில புரதங்கள் இவ்வணுக்களிடம் குறைவு என்பர். எனவே நுண்ணிய தந்துகிகளுக்குள்ளேயே பெருகி அவற்றை அடைக்கின்றன. மூளையில் அடைத்தால் தடுமாற்றமும் மறதியும். நுரையீரலில் அடைத்தால் மூச்சிரைப்பு. மேலைநாட்டு நோயாளிகளிடம் தோலும் நரம்பும் மிகுதியாகத் தாக்குண்கின்றன. ஜப்பான் முதலிய நாடுகளில் காய்ச்சல், ஈரல் மண்ணீரல் வீக்கம், குருதியணுக் குறைவு ஆகியவை முன்னிற்கும் வடிவமும் மிகுதி.

மாமாவுக்கு வந்தது இரண்டாவது வடிவம். திருமங்கலத்துக்கு அப்பால் கரிசலில் பருத்தி போடுபவர். ஐப்பசியில் தொடங்கிய காய்ச்சல் கார்த்திகை முடிந்தும் விடவில்லை. டைபாய்டு, மலேரியா, டெங்கு, காசநோய் என ஒவ்வொன்றாகப் பார்த்து இல்லையென்றார்கள். "கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையாம்ல, பயப்படாதீங்க" என்று உறவினர் தேற்றினர். அவரோ நம்மிடம், "பேரு தெரியாத சீக்குக்கு மருந்து எப்படி மாப்ளே குடுப்பாங்க?" என்றார். அதற்கு விடை கூற நம் நாற்பது வயதுப் படிப்பில் ஒன்றும் இல்லை.

தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. எல்.டி.எச். என்னும் நொதி பன்மடங்கு ஏறியிருந்தது. அதைக் கண்டு ஐயுற்ற குருதியியல் மருத்துவர் ஒருவர் தொடையிலும் வயிற்றிலுமாக மூன்றிடங்களில் தோலை ஆழமாக, அடியிலுள்ள கொழுப்போடு சேர்த்து வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பச் சொன்னார். தோலில் ஒரு தழும்பும் இல்லை. பின் ஏன் வெட்டுகிறார்கள் என்று அத்தை அழுதார். மாசற்ற தோலுக்கடியிலும் தந்துகிக்குள் இவ்வணுக்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதே காரணம். பழைய இலக்கியத்தில் நிணம் என்றால் கொழுப்பு. நிணநீர் அணுவின் நோய் அந்த நிணத்தின் நாளங்களில்தான் அகப்பட்டது. முன்னாளில் இந்நோய் பலருக்குப் பிணக்கூறாய்வில்தான் வெளிப்பட்டது என்று பின்னர் படித்தபோது உடல் நடுங்கியது.

மருத்துவம், ஆர்-சாப் எனப்படும் ஐந்து மருந்துகளின் கூட்டு. 21 நாளுக்கொரு முறை. மூளைக்குப் பரவாதிருக்க மெத்தோட்ரெக்சேட்டும் சேர்த்தனர். கூட்டில் முதன்மையான ரிட்டுக்சிமாப் ஒருகாலத்தில் எளியோர்க்கு எட்டாதது. 2007-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்ட பின் விலை இறங்கியது. மற்றொன்றாகிய வின்கிறிஸ்டின், நம் தென் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படுவது. செய்தி பரவியதும் ஊரார் அவ்விலையை அரைத்துக் கொடுக்க முன்வந்தனர். அன்பு பெரிது, ஆயினும் தடுத்தோம். பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவே கிடைக்கும் கடுமருந்து அது. ஒரு முறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. பச்சிலைச் சாற்றில் அளவேது? அது நஞ்சாகவே முடியலாம்.

மூளைக்குப் பரவாத நிலையில் இம்முறையைத் தொடங்கியவர்களை ஜப்பானில் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். இரண்டாண்டுக்குப் பின் பதின்மரில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் உயிரோடிருந்தனர். மாமாவும் இரண்டாண்டைக் கடந்துவிட்டார். வின்கிறிஸ்டின் விட்டுச்சென்ற மரமரப்பால் விரல்நுனி இன்னும் தேறவில்லை. பருத்தி எடுக்கையில் பஞ்சு கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அறிகிறார். சட்டைப் பொத்தானை அத்தை போட்டுவிடுகிறார்.

நீடித்த காய்ச்சல் எல்லாம் இந்நோயன்று. பெரும்பாலானவை எளிய தொற்றுகளே. ஆயினும் மூன்று வாரம் கடந்தும் பெயர் தெரியாத காய்ச்சலோடு எல்.டி.எச். ஏறி, குருதியணுக்களும் குறைந்து வந்தால், "கட்டி இல்லை" என்னும் ஆறுதலோடு எழுந்துவிடாதீர்கள். குருதிநாளத்துக்குள் இருக்குமோ, தோலை ஆய்ந்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.