அத்தாவின் பெட்டியில் இருந்த கடிதம்

என் அத்தாவுக்கு ஃபஜ்ரு பாங்கு கேட்பதில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் உளூச் செய்யச் செல்கிறார். பீரங்கிப் படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர். ஓய்வுபெறுகையில் மருத்துவ வாரியம் அவரது செவித்திறன் இழப்பை 20 விழுக்காடு என மதிப்பிட்டது. ஆயினும், அது பணியால் நேர்ந்ததுமன்று, பணியால் மிகுந்ததுமன்று என ஒற்றை வரியில் கூறி, ஊனத்திற்குரிய கூடுதல் ஓய்வூதியத்தை அலுவலகம் மறுத்துவிட்டது. அத்தா அக்கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அதை நாங்கள் சபர் என்றே எண்ணியிருந்தோம்.

சென்ற ரமலானில் வேறொரு தாளைத் தேடியபோது அது என் கையில் கிடைத்தது. படையில் சேர்ந்த நாளின் மருத்துவச் சான்றும் உடனிருந்தது. இரு செவிகளும் நலம் என்றது அது. இடையில் இருந்தது பீரங்கியன்றி வேறென்ன?

வழக்கறிஞர் ஒருவர் 2013இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தரம்வீர் சிங் தீர்ப்பை விளக்கினார். அவர் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட வீரர். சேரும்போது நோய் பதிவாகவில்லையெனில் வீரர் நலமாகவே இருந்தார் எனக் கொள்ள வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை அவர் மீதில்லை. மறுப்போர் காரணம் கூற வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு. எங்கள் கடிதத்தில் காரணமே இல்லை. ஆனால் தாமதத்திற்கு விலையுண்டு. 2008ஆம் ஆண்டின் தர்சேம் சிங் தீர்ப்பின்படி, வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் நிலுவையே பொதுவாகக் கிடைக்கும். மற்றவை போனவைதாம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சபர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது எங்கள் அசட்டையும்தானோ?

அத்தாவிடம் உரக்கப் பேசினால் தெரு முழுதும் கேட்கும். ஆகவே தாளில் எழுதிக் காட்டினேன்: "இது கையேந்துவதன்று அத்தா, உங்கள் ஹக்கு."

நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "என்னோடு இருந்தவன் ஒருவன் காலை இழந்து வந்தான்ம்மா. கையும் காலும் முழுசா வச்சுக்கிட்டு, நான் எப்படி ஊனம்னு எழுதுவேன்?"

இத்தனை ஆண்டுகளாக அவர் நெஞ்சில் இருந்தது இதுதான். என்னிடம் விடையில்லை. அந்த நண்பருக்கும் காது கேட்குமா என்று மட்டும் எழுதிக் கேட்டேன். அத்தா சிரித்துவிட்டார்.

தாமதத்தை மன்னிக்கக் கோரி முதல் மேல்முறையீட்டை எழுதியிருக்கிறோம். அதுவும் நிராகரிக்கப்பட்டால், இன்ஷா அல்லாஹ், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகுவோம். கையெழுத்திட்ட பின், எவரும் சொல்லாமலேயே, அதன்கீழ்த் தம் படை எண்ணையும் எழுதினார் அத்தா.