பூசத்துக்கு இறங்கும் வழி

பூசத்துக்கு ஆறு நாள் முன், குன்னூர்

நேர்ந்துகொண்ட தலத்தை வண்டி ஏறாமல் நடந்தே சென்றடைவது பாதயாத்திரை எனப்படும்; தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு இவ்வாறு நடப்போருள் நீலகிரித் தேயிலைத் தோட்டத்து மக்களும் உண்டு. உறைபனிக் காலத்தில் கொழுந்து வரத்துக் குறைந்து பறிப்பு வேலை தளர்ந்திருப்பதால், தை மாதத்தில் விடுப்புக் கேட்பது ஓரளவு எளிது. பக்தியும் தேயிலைச் செடியும் ஒரே பருவத்தில் இசைந்து வருவது தற்செயல்தான் எனினும், அந்த இசைவு இல்லாவிடில் விரத மாலை அணிந்தோர் பலர் வேண்டுதலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருப்பர்.

ஐந்து நாள் முன், பர்லியார்

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்க, மேட்டுப்பாளையம் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் கிடப்பதால், முதல் நாள் நடை முழுவதும் இறக்கமே. ஏற்றம் மூச்சை வாங்கும் என்றால் இறக்கம் முழங்காலையும் கால்விரல் நுனியையும் பதம்பார்க்கும். ஆகவே உறவு, ஊர், தோட்டம் என்று பிரிந்து புறப்பட்ட குழுக்கள் நான்கைந்து கொண்டை ஊசி வளைவுகளுக்குள் கலைந்து, ஒத்த வேகத்தில் நடப்போர் புதிய கூட்டங்களாகச் சேர்ந்துவிடுகின்றனர். வழித்துணையைத் தேர்ந்தெடுப்பது இங்கு மனம் அன்று, முழங்கால்.

அவ்வாறு பின்தங்கி நடந்தோரில், டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவரும், கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் சமூக இளைஞர் ஒருவரும் இருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழருக்கு வேலை தரும் பொருட்டு, 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் அக்கழகமாயிற்று. மூதாட்டி அவ்வாறு வந்த குடும்பத்தவர். "நீங்க முன்னால போங்க தம்பி, நான் மெதுவா வாறேன்" என்று அவர் பலமுறை சொல்லியும் இளைஞர் நகரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆள்சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகளின் பின்னே, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடத்திச் செல்லப்பட்டோரில் எண்ணற்றோர் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தனர் என்பது வரலாறு; தம் முன்னோரின் அந்த நடையைப் பற்றி மூதாட்டி கூற, தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுப் படுகச் சிறு விவசாயிகள் நடத்தும் போராட்டத்தைப் பற்றி இளைஞர் கூறினார். ஒரே இலையை ஒருவர் கூலிக்குப் பறித்தவர், மற்றவர் சொந்த நிலத்தில் வளர்ப்பவர். ஊரில் இவ்விருவரும் இத்தனை நேரம் பேசியிருக்க வாய்ப்பில்லை.

நான்கு நாள் முன், மேட்டுப்பாளையம்–கோவை

நெடுஞ்சாலை, இரைச்சல், வெயில். குறிப்பதற்கு அதிகமில்லை. மலைக்குளிருக்குப் போர்த்திய கம்பளிச் சட்டை சுமையானபோது, அதைத் தம் சாமான் வண்டியில் ஏற்றிக்கொண்டவர்கள் காரமடைப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு குழுவினர்.

இரண்டு நாள் முன், பொள்ளாச்சி–உடுமலை

சாலையோரப் பந்தல்களில் அன்னதானம், அதாவது நடப்போருக்கு விலையின்றி வழங்கும் உணவு, தொடர்ந்து கிடைக்கிறது. கொடுப்போர் வற்புறுத்துவதில் ஓர் அன்பான கெடுபிடி உண்டு: மோர் வேண்டாம் என்றால் சுக்குக்காப்பி, அதுவும் வேண்டாம் என்றால் கால் பிடித்துவிட ஒருவர். இங்கு காவடிகளும் கூடுகின்றன. சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை இடும்பன் தோளில் கட்டிச் சுமந்த கதையை நினைவூட்டும் அச்சுமையைத் தூக்கியவர் களைத்தால், முன்பின் அறியாதவர் தோள்கொடுப்பது இயல்பாக நிகழ்கிறது.

ஒரு நாள் முன், மடத்துக்குளம்–சண்முகநதி

அமராவதி ஆற்றைக் கடந்தபின் நடை வேகம் கூடுகிறது. சண்முகநதியில் நீராடும்போது திருப்பூர், கோவை, நீலகிரிக் கூட்டங்களைப் பிரித்தறிய முடிவதில்லை. மூதாட்டியின் கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவர் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளி ஒருவர்.

பூசம், பழனி

மாலையில் பெரியநாயகி அம்மன் கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளில் தேர் ஓடுகிறது. மலைமீது தரிசன வரிசையில் கூட்டங்கள் மீண்டும் ஊர்வாரியாகப் பிரிந்தன; தோழமை வரிசைக்கு வெளியே நின்றுவிட்டது என்று கூறுவது கடுமையாகத் தோன்றினாலும் பொருந்தும். திரும்பும்போது பெரும்பாலோர் நடப்பதில்லை. கோவை வழிப் பேருந்தில் இடம் பிடித்துவைத்த இளைஞர் மூதாட்டியைச் சன்னலோரம் அமர்த்திவிட்டு, மேட்டுப்பாளையத்தில் குன்னூர் வண்டிக்கு மாறும்வரை நின்றே வந்தார்.