வலிமையும் ஓர் அமானிதமே

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் நம் வீடுகளில் அந்த அறிவு பெரும்பாலும் ஹலால், ஹராம் என்னும் உணவுப் பேச்சோடு நின்றுவிடுகிறது. இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்றுவந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்தின் பொருட்டுக்கூட அந்த உரிமையைப் பறிக்கலாகாது என்றால், சோம்பலின் பொருட்டுப் பறிப்பது எவ்வாறு தகும்?

நாங்கள் கோவளத்தில் வாழும் உடன்பிறந்தார் இருவர். பளுதூக்கும் ஆர்வம் பள்ளிப் பருவத்தில் எங்களைப் பற்றியது. ஐம்பதைக் கடந்தும் விடவில்லை. கடலோர ஊரில் இரும்பைப் பேணுவது எளிதன்று. உப்புக் காற்று விரைவில் கம்பியில் துருவை ஏற்றிவிடும். ஆதலால் பயிற்சி முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுவது எங்கள் வழக்கம். தசையும் அத்தகையதே. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை அது குறைகிறது. அறுபதுக்குப் பின் இன்னும் விரைவாகத் தேய்கிறது. உழைப்புக் கொடுத்தால் மட்டுமே அத்தேய்வு தணியும்.

இது அயலாரிடம் கற்ற கலையன்று. தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்பர். கர்லா கட்டையும் தண்டாலும் பஸ்கியும் நம் முன்னோர் அறிந்தவை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம் அவருக்கே. தம் எடையைப் போல் இரு மடங்குக்கு மேல் ஒருவர் தலைக்கு மேல் உயர்த்துவது தோள் வலிமையால் மட்டும் நிகழ்வதன்று. சுமை உடலை ஒட்டியே எழ வேண்டும். முதுகு வளையாதிருக்க வேண்டும். தொடையும் இடுப்பும் வேலை செய்ய வேண்டும்.

இந்தப் பாடத்தின் முழுப் பொருளையும் எங்கள் வாப்பா பக்கவாதத்தில் படுத்த இரண்டு ஆண்டுகளில்தான் உணர்ந்தோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், அங்கிருந்து ஒளுச் செய்யும் இடத்துக்கும் நாள்தோறும் பலமுறை அவரைத் தூக்கினோம். பாதங்களை அகற்றி ஊன்றி, முழங்காலை மடக்கி, அவரை நெஞ்சோடு அணைத்து எழுவோம். கம்பியைத் தூக்கும் அதே முறைதான். "வலிக்குதா வாப்பா?" என்று கேட்டால், "நீங்க தூக்குறப்ப பயமே இல்லப்பா" என்பார். பதக்கம் ஏதும் வாங்காத எங்களுக்கு அச்சொல் போதுமாயிருந்தது. அவருடைய சந்தூக்கைத் தோளில் சுமந்து அடக்கத்தலத்துக்கு நடந்தபோதும், எங்கள் வலிமை யாருக்காகத் தரப்பட்டது என்பதில் ஐயம் எழவில்லை.

வலிமையான இறைநம்பிக்கையாளர் பலவீனரைவிட இறைவனுக்கு உவப்பானவர். எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்பது நபிமொழியின் கருத்து. மல்லுக்கட்டி வீழ்த்துபவரைவிடச் சினத்தில் தம்மை அடக்குபவரே வீரர் என்றும் அவர்கள் போதித்தார்கள். ஆகவே கண்ணாடி முன் நின்று புயத்தை ரசிப்பதும், விரைவில் தசை பெருக்க ஊசிமருந்து ஏற்றிக்கொள்வதும் இந்த அமானிதத்தைப் பேணுவதாகாது. அத்தகைய மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பவை.

பெண்களுக்கு இது எதற்கு என்று கேட்போர் உளர். வயது ஏற ஏற எலும்பு தேய்வது பெண்களிடம் மிகுதி. சுமைப் பயிற்சி அதற்கும் காப்பு. முழு உடலையும் மூடும் ஆடைக்குப் பன்னாட்டுப் பளுதூக்கும் சம்மேளனம் 2011இல் இடமளித்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் சாரா அகமது தலையை மறைத்த ஆடையுடனேயே வெண்கலம் வென்றார். எங்கள் உம்மாவுக்கு மேடை தேவைப்படவில்லை. முழங்கால் தளர்ந்து நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கியிருந்தார். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியிலிருந்து கைபிடிக்காமல் எழுந்து அமரும் பயிற்சியை நாளுக்குப் பத்து முறை தொடங்கினோம். சில மாதங்களில், அல்ஹம்துலில்லாஹ், அவரது நெற்றி மீண்டும் தரையைத் தொட்டது.

சர்க்கரை நோய் இல்லாத வீடு நம்மிடையே அரிது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு அது உண்டு என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசையே. தசைக்கு வேலை கொடுத்தால் அது மேலும் நன்றாக வாங்கும். வாரம் இரு நாட்களாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோர் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது.

உணவில் நாங்கள் பின்பற்றுவது எளிய முறைதான்: வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு. மத்தி, நெத்திலி, முட்டை, பயறு ஆகியவை தசைக்குப் போதிய புரதம் தரும். ரமளானில் சுமையைக் குறைத்துத் தராவீஹுக்குப் பின் சிறிது நேரமே பயில்வோம். இஷாவுக்குப் பின் விரைந்து உறங்கினால்தான் மற்ற மாதங்களில் ஃபஜ்ருக்குப் பின் உடல் ஒத்துழைக்கும்.

அன்புச் சகோதர சகோதரிகளே, இரும்பு வாங்கிய பிறகே தொடங்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாற்காலியும் ஒரு குடம் நீரும் போதும். நம் வீட்டு முதியவரைத் தாங்கவும், இறுதிவரை ஸஜ்தாவில் குனிந்து எழவும் தேவையான வலிமையை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.