பெட்டைக்குட்டி வேண்டாமா?

பூனையை மனிதனிடம் கொண்டுவந்து சேர்த்தது தானியம். பயிர்செய்யக் கற்ற மனிதன் விளைந்ததைச் சேமித்தான். சேமிப்பைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். அந்தப் பழைய உறவு, மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில், வயலை நம்பி வாழும் எங்கள் மண்டூரிலும் தொடர்கிறது. நெல்மூடை அடுக்கிய வீட்டில் பூனை அழகுப் பொருளன்று, உழைப்பாளி.

ஆதலால் இங்கே குட்டியை விலைகொடுத்து வாங்குவோர் சிலர். கேட்டு வாங்குவோரே பலர். கேட்கும்போது எழும் முதல் வினா, "கடுவனா, பெட்டையா?" என்பதே. கடுவன் என்றால் கை நீளும். பெட்டை என்றால் மடங்கும். எவரும் ஏற்காத பெட்டைக்குட்டிகள் பையிலிட்டுச் சந்தையோரத்தில் விடப்படுகின்றன. தாய்வழியில் குடி எண்ணி, மகளுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் மரபுடைய மண் இது. இம்மண்ணில் ஒரு பெட்டைக்குட்டிக்குத் திண்ணை மூலையிலும் இடமில்லை என்பது விந்தையன்றோ?

"சேர், பெட்டை எலி பிடிக்காதா?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவள் கொண்டுசென்ற குட்டியை வீட்டார் திருப்பி அனுப்பியிருந்தனர். தன் குட்டிகளுக்கு இரை கொணர்ந்து வேட்டை பழக்குவதே தாய்ப்பூனைதான் என்றேன்.

"அப்ப ஏன் சேர் வேணாம் எண்டு சொல்றாங்க?"

அவ்வினாவுக்கு நேர்மையான விடை உண்டு. பெட்டை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் ஈனும். ஓராண்டில் இரண்டு மூன்று ஈற்றும் காணும். கூலிக்கு உழைக்கும் குடும்பம் அதற்கு அஞ்சுவது இயல்பே. அச்சம் பொய்யன்று, அதற்குக் கண்ட வழிதான் கொடிது. கடுவனைக் கொண்டவர் தம் வீட்டுக் கணக்கைத் தீர்த்தார். ஊர்க் கணக்கு அப்படியே இருக்கிறது. கருத்தடை அறுவை ஒன்றே இரண்டையும் தீர்க்கும்.

அப்படியாயின் குட்டியில் எதைப் பார்க்க வேண்டும்? எட்டு வாரம் நிறையாததைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. கண் தெளிந்திருக்க வேண்டும்; மூக்கு ஒழுகலாகாது; காதில் கறுத்த அழுக்குச் சேர்ந்திருக்கலாகாது. உடல் மெலிந்து வயிறு மட்டும் ஊதியிருந்தால் குடற்புழுவை ஐயுற வேண்டும். மூன்று மாதமளவில் விசர்நோய்த் தடுப்பூசி வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குட்டியைச் சோதிப்பவர் தம் வீட்டையும் சோதிக்க வேண்டாமா? எலிநஞ்சு வைக்கும் வீட்டில், நஞ்சுண்ட எலியைத் தின்று பூனையும் சாகலாம். பசுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டம் தரும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பனடோல், பூனைக்கு நஞ்சு. நன்றாகப் பேணப்படும் பூனை 15 ஆண்டும் வாழும். அத்தனை ஆண்டும் சோறும் மீனும் இட நம்மால் இயலுமா?

நகரத்து வசதியுடையோர் பெரும்பணம் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்குகின்றனர். தட்டையான முகம் அழகென்று மனிதன் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததன் விளைவு, அப்பூனை மூச்சுக்குத் திணறுகிறது. நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பல, பிறவிச் செவிடு. உயிர் சரக்கானால், வாங்குபவனின் ஆசைக்கு விலைகொடுப்பது அவ்வுயிரே.

நாய்களுக்கு ஊர்தோறும் வந்து விசர்நோய்த் தடுப்பூசி போடும் அரசு, பூனைகளுக்கான கருத்தடையையும் ஏழையின் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் கேட்பது நம் கடமை. அதுவரை, அடுத்த குட்டியைக் கையில் எடுப்பவர் அதன் வாலைத் தூக்கிப் பார்க்குமுன் அதன் கண்ணைப் பார்க்கட்டும்.