வாசலில் காத்திருந்தேன்

சீன தேசத்தைக் கல்வியோடு இணைத்துப் பேசும் வாசகம் ஒன்று நம் மேடைகளில் நபிமொழியென முழங்கப்படுவதுண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் நடத்துகிறவன் நான். அத்தகையவனே 2015ஆம் ஆண்டில் மனைவியையும் அழைத்துக்கொண்டு, ஆளுக்கொரு முதுகுப் பையுடன் சீனாவுக்குப் புறப்பட்டதைக் கண்டு சக ஆசிரியர்கள் நகைத்ததில் வியப்பில்லை.

மதரஸா ஆசிரியரின் சேமிப்பு எவ்வளவு இருக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆகவே குவாங்சோவிலிருந்து சியான் நகர் வரையுள்ள இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைச் சாதாரண இரயிலில், அதிலும் சீனர்கள் 'கடின இருக்கை' என்றழைக்கும் கடைசி வகுப்பில் கடப்பதென்று முடிவு செய்தேன். படுக்கைக்குக் கேட்கும் கூடுதல் பணத்தில் இருவரும் இரண்டு நாள் உண்ணலாம் என்பது என் கணக்கு. முடிவு செய்தேன் என்று ஒருமையில் எழுதுவது உண்மையை ஒட்டியே. அவளை நான் கேட்கவில்லை.

அந்த வகுப்பில் முதுகுச் சாய்வு சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். எதிரே அமர்ந்தவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். இருக்கை கிடைக்காதவர்கள் நடைவழியில் குந்தியிருப்பார்கள். இரவு முழுவதும் விளக்கு அணைவதில்லை. ஒரே ஆறுதல், ஒவ்வொரு பெட்டியின் கோடியிலும் கொதிநீர் இலவசமாகக் கிடைப்பது. சீனர்கள் அதில் தேயிலையும் கோப்பை நூடுல்ஸும் ஊறவைத்தார்கள். அந்த நூடுல்ஸில் என்ன கொழுப்பு கலந்துள்ளதோ என்று நாங்கள் அஞ்சினோம். என் மனைவி ஊரிலிருந்து கட்டி வந்திருந்த அவலையும் கருப்பட்டியையும் வெந்நீரில் நனைத்துத் தந்தாள். நடுநிசியில் நான் உறங்கிவிட்டேன். விழித்துப் பார்க்கையில், எதிரேயிருந்த முதியவர் ஒருவர் தம் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார். வீங்கிய வலது காலை நீட்டி அவள் அமர்ந்திருந்தாள். அவள் வலியை அந்நியர் ஒருவர் கண்டிருக்கிறார், நான் காணவில்லை.

சியானில் நாங்கள் முதலில் கண்ட மலிவான விடுதி எங்களை ஏற்கவில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைக்க அதற்கு அனுமதி இல்லையாம். பையைச் சுமந்தபடி இன்னும் இரண்டு தெரு அலைந்த பின்பே அறை கிடைத்தது. முஸ்லிம்கள் வாழும் பகுதியில் கடைப்பலகைகளில் 'ஹலால்' என்ற அரபுச் சொல்லைக் கண்டபோது, தொலைதேசத்தில் உறவினரைக் கண்டதுபோல் இருந்தது. (2019இல் பெய்ஜிங்கில் உணவகங்களின் பலகைகளிலிருந்து அரபு எழுத்துகளை அகற்றச் செய்தார்கள் என்ற செய்தியைப் படித்த அன்று, இந்தத் தெருதான் கண்முன் நின்றது.)

அந்நகரின் பெரிய பள்ளிவாசல் மிங் அரசர்கள் காலத்துக் கட்டடம். குவிமாடம் இல்லை, நாம் அறிந்த மினாராவும் இல்லை. சீனக் கோயில்களைப் போன்ற மரக் கூரைகள். கிழக்கிலிருந்து மேற்காக ஒன்றையடுத்து ஒன்றாக முற்றங்கள். தொழுகைக் கூடத்தின் உட்சுவர்களில் குர்ஆன் வசனங்கள் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கிருந்த முதிய ஆலிம் ஒருவரிடம் அரபியில் பேசத் தொடங்கியவன், நேரம் போனதையே அறியவில்லை. வெளியே வந்தபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. பெண்கள் தொழுமிடம் எங்கே என்று கேட்க மொழி தெரியாமல், அவள் முற்றத்தின் கல் இருக்கையில் இரண்டு பைகளையும் காத்தபடி அமர்ந்திருந்தாள்.

அன்றிரவு ரொட்டியைச் சிறுசிறு துண்டுகளாகப் பிய்த்து ஆட்டிறைச்சிச் சாற்றில் இட்டு உண்ணும் அவ்வூர் உணவின் முன் அமர்ந்திருந்தோம். ரொட்டியைப் பிய்த்தவாறே அவள் சொன்னாள்: "முப்பது வருஷமாக நீங்கள் பள்ளிக்குள் போகிறீர்கள், நான் வாசலில் இருக்கிறேன். இந்தப் பயணத்தில் எனக்கென்று ஓர் ஊர் உண்டா?"

உண்டு என்பது எனக்குத் தெரியும். கிழக்கே ஹெனான் மாநிலத்துக் கைஃபெங் நகரில் பெண்களுக்கென்றே பள்ளிவாசல்கள் இருப்பதை முன்பே படித்திருந்தேன். செலவைக் காரணம் காட்டித் திட்டத்தில் சேர்க்காமல் விட்டிருந்தேன். உண்மையான காரணம், அங்கே எனக்குக் காண்பதற்கு ஒன்றுமில்லை என்பதே.

இம்முறை இரயில் சீட்டை அவளே தேர்ந்தாள். பணத்தையும் அவளே எண்ணிக் கொடுத்தாள்.

கைஃபெங்கின் வாங்ஜியா சந்திலுள்ள மகளிர் பள்ளிவாசல் 1820ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்பர். அதை நடத்துபவரும் பெண்ணே. அவரை 'ஆஹோங்' என்கிறார்கள். அது ஆகூந்த் என்ற பாரசீகச் சொல்லின் திரிபு. பெண்களுக்குத் தொழுகை நடத்தும் பெண் முன்னே தனித்து நிற்காமல் வரிசையின் நடுவே நிற்பாள் என்பது ஃபிக்ஹு நூல்களில் நான் பாடம் சொல்லும் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் அது விரும்பத்தக்கது; ஹனஃபி நூல்களோ வெறுக்கத்தக்கது என்கின்றன. சீன முஸ்லிம்களோ ஹனஃபிகள்! இந்த முடிச்சை அவிழ்க்க யாரையேனும் கேட்கலாமென்றால், தொழுகை நேரத்தில் நான் உள்ளே போவது முறையன்று. காயல்பட்டினத்தின் பெண்கள் தைக்காக்களும் அப்போது நினைவுக்கு வந்தன. அவற்றின் வாசலையும் நான் தாண்டியதில்லை. இரண்டு பைகளோடு சந்தில் நின்றேன். ஒரு மணி நேரம் கடந்தது. உள்ளிருந்து பெண்களின் சிரிப்பொலி கேட்டது.

வெளியே வந்தவளின் முகத்தை என் மணநாளுக்குப் பின் அவ்வளவு மலர்ச்சியோடு கண்டதாக நினைவில்லை. தொழுகை முடிந்ததும் மூதாட்டிகள் சூழ்ந்துகொண்டார்களாம். பொதுமொழி ஏதும் இல்லாததால் யாசீன் சூராவைச் சேர்ந்து ஓதியிருக்கிறார்கள். பின்பு ஒரு மூதாட்டி தம் பழைய குறிப்பேட்டை விரித்திருக்கிறார். எழுத்து அரபு, மொழி சீனம். சியாவோஜிங் என்பது அதன் பெயர். இவளுக்கு அது புதுமையன்று. பாட்டியிடம் அரபுத்தமிழ் கற்றவள். அங்கிருந்த தாளில் அரபுத்தமிழில் இவள் ஒரு வரி எழுத, அவர்கள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்திருக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் சீன நாவில் உருண்டபோது எழுந்த சிரிப்பே நான் கேட்டது.

"என்ன எழுதினாய்?" என்றேன்.

"என் கால் வலி குணமாக துஆ செய்யுங்கள் என்று."

மூதாட்டியும் பதிலுக்கு ஒரு வரி எழுதித் தந்திருந்தார். அதை இரயிலில் பலமுறை படித்துப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தெரியும், ஒலியும் வாயில் வருகிறது, பொருள் தெரியவில்லை. மொழி அறிந்த எவரிடமேனும் காட்டலாமே என்று ஊர் வந்ததும் கேட்டேன். வேண்டாம் என்றாள். அத்தாள் அவளுடைய குர்ஆன் பிரதியின் உறைக்குள் இருக்கிறது.