வயலும் வாழ்வும், ஒரு கார்டும்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டிவி என் மனைவியின் ஆட்சியில் இருக்கும். பேரன் வந்தபோது எதையோ செருகிக் கொடுத்துவிட்டுப் போனான், அன்றிலிருந்து யூடியூபும் அதிலேயே வருகிறது. அவள் பார்ப்பது பூராவும் மாடித்தோட்டம்தான். எங்கள் மொட்டை மாடியில் இருபத்திரண்டு பைகள் இருக்கின்றன. கத்தரி, வெண்டை, தக்காளி, ஒரு ஓரமாகப் பிரண்டை. அதனால் அவள் பார்ப்பது சும்மா பார்ப்பதில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி பார்ப்பாள்.

போன வாரம் ஒரு பெண் தக்காளி வளர்ப்பதைக் காட்டினாள். நல்ல சுறுசுறுப்பான பெண், பேச்சும் அழகு. விதை போட்டாள், நாற்றைப் பிடுங்கிப் பையில் நட்டாள், அடுத்த காட்சியில் கூடை நிறையப் பழம்.

"நடுவுல என்னாச்சு?" என்றாள் என் மனைவி. "வெள்ளை ஈ வரலையா? இலை சுருண்டுக்கலையா? நமக்கு மட்டும்தான் வருமா? நட்டதைக் காட்டுறா, காய்ச்சதைக் காட்டுறா, நடுவுல இருக்கிற ரெண்டு மாசத்தை யார் காட்டுவா?"

இன்னொருவர் இருக்கிறார், எதைக் காட்டினாலும் "சூப்பரா வரும்" என்பார். அவரை அவள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்ப்பதில்லை. வயதான ஒருவர் மட்டும் தன் செம்பருத்தியில் அப்பியிருந்த மாவுப்பூச்சியைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டி, "மூணு தடவை வேப்பெண்ணெய் அடிச்சேன், போகலை. கடைசியில செடியையே வெட்டிப் போட்டுட்டேன்" என்றார். அவருக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் மரியாதை. பொய் சொல்லாத மனுஷன் என்று பெயர்.

"அந்தத் தக்காளிப் பொண்ணுக்குக் கீழே எழுதிப் போடுங்களேன்" என்றாள். நான் "பார்க்கலாம்" என்றேன். அதற்கு அவள், "இந்தத் தடவையாவது போடுங்க" என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக் கதை அது. இங்கே இதுவரை எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது என்பதுதான் காரணம்.

உங்களில் பலருக்கு 'வயலும் வாழ்வும்' நினைவிருக்கும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. டெல்லியில் அதற்கு முன்பே, 1967 குடியரசு நாளில், 'கிருஷி தர்ஷன்' என்று விவசாயிகளுக்காக ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்து, டெல்லியைச் சுற்றியிருந்த எண்பது கிராமங்களில் பெட்டி வைத்துக் காட்டினார்கள். நம் ஊரில் 'வயலும் வாழ்வும்'. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். நான் சொல்கிற காலத்தில் அங்கே சென்னைப் படம் எட்டவே எட்டாது. வயல் இருந்தவனுக்கு டிவி இல்லை. டிவி இருந்த மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஐந்து குடும்பங்கள், ஒருவருக்கும் ஒரு சென்ட் வயல் கிடையாது. எல்லோரும் உட்கார்ந்து நெல்லுக்கு உரம் போடுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு சேனல் கிடையாதே.

பார்த்தோம் என்பதைவிடப் பொறுத்துக்கொண்டோம் என்பதுதான் சரி. பிள்ளைகளுக்கு அது பரம சத்துரு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வருவதற்குள் எத்தனை உரமூட்டையைத் தாண்ட வேண்டியிருந்தது! மாடியில் இருந்த மாமி மட்டும் சமையலறைத் தண்ணீரைப் பாய்ச்சி வாழை வளர்ப்பதைப் பார்த்து, கொல்லைப்புறத்தில் ஒரு கன்று வைத்தார். அது குலை தள்ளியபோது ஐந்து வீட்டுக்கும் பூவும் தண்டும் வந்தன. எங்கள் குடித்தனத்தில் அந்த நிகழ்ச்சியால் விளைந்த ஒரே விளைச்சல் அதுதான்.

1984 தை மாதம் அம்மா தவறிப் போனார். அப்பா ஊரில் தனியாக இருக்க முடியாமல் எங்களோடு வந்தார். ஒன்பது மா நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தார். எங்களிடம் அப்போது தவணையில் வாங்கிய சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. அப்பாவுக்குச் சினிமாவும் பிடிக்காது, நாடகமும் பிடிக்காது, செய்தி வாசிக்கிறவரைக் கண்டால் "இந்த ஆளு ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறான்" என்பார். ஆனால் 'வயலும் வாழ்வும்' வருகிற நேரத்துக்கு முகம் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஈசிசேரில் வந்து உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் முணுமுணுப்பதை நிறுத்தினார்கள். பெரியவர் பார்க்கிறார்.

அவர் வானொலி பார்த்து வளர்ந்த விவசாயி. பார்த்து என்று எழுதிவிட்டேன், கேட்டு என்று படியுங்கள். அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி.27 நெல் வந்தபோது, அதைத் திருச்சி வானொலியில் கேட்டுத்தான் பலர் போட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்பாவும் போட்டவர். அதனால் ஒரு பெட்டி பேசினால் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்பதும் அவர் கட்சிதான்.

எடுத்தவுடன் "உழவர் பெருமக்களே" என்பார்கள். அப்பா திரும்பிப் பார்த்து, "யாரு, என்னையா கூப்பிடுறான்?" என்பார். நிகழ்ச்சி நடத்தியவர்களில் ஒருவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நாற்றங்கால் ஓரமாக நிற்பார். "நாத்தை மிதிக்கிறான் பாரு, மிதிக்கிறான் பாரு" என்று அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அந்த ஆள் விவசாயியிடம் கேள்வியையும் கேட்டுப் பதிலையும் தானே சொல்லிவிடுவார். "நல்ல மகசூல் கிடைச்சதுங்களா? கிடைச்சிருக்கும்." விவசாயி தலையாட்டுவார், அவ்வளவுதான்.

வேறொருவர் இருந்தார், சற்று இளவயது. பேர் ஞாபகமில்லை. வரப்பில் ஏறும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஏறினார். கேமரா அதைக் காட்டவேண்டும் என்று காட்டவில்லை, ஏதோ தப்பிப் பிழைத்து வந்துவிட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இது வயல் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளை" என்றார். அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். விவசாயி யோசிப்பார், தொண்டையைச் செருமுவார், பிறகுதான் பதில் வரும். எங்களுக்கு அந்த இடைவெளி தாங்காது. அப்பாவுக்கு அந்த இடைவெளிதான் நிகழ்ச்சி. அந்த இளைஞர் வராத நாளில் "இன்னைக்கு அந்தப் பிள்ளை லீவு போல" என்று பாதியில் எழுந்து போய்விடுவார்.

அப்பாவின் பெரிய குறை வேறு. அதிகாரி ஒருவர் வந்து, "ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து" என்பார். அப்பாவுக்கு ஹெக்டேரும் தெரியாது, தழைச்சத்தைக் கிலோவில் கடையில் விற்கவும் மாட்டார்கள். எங்கள் ஊரில் நிலம் என்றால் குழி, மா, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. உரம் என்றால் யூரியா மூட்டை. நான் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்தவன், ஒரு நாள் பேப்பரில் போட்டுக் காட்டினேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து, ஆகவே 120 கிலோவுக்குச் சுமார் 260 கிலோ யூரியா. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், அதாவது ஏழரை மா. வகுத்தால் மாவுக்கு 35 கிலோ, முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதையும் அடியுரம், மேலுரம் என்று பிரித்துப் போட வேண்டும்.

அப்பா அந்தப் பேப்பரை வெகுநேரம் பார்த்தார். "இதை அவன் சொல்லிட்டா என்ன? படிச்ச பிள்ளை வீட்டுல இருந்தாத்தான் வெவசாயம் பண்ணணுமா?" என்றார்.

அப்போது சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிரொலி' என்று வாரம் ஒருமுறை வரும். நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார்கள். பாராட்டும் வரும், திட்டும் வரும். திட்டுக்குப் பதில் சொல்கிற அழகுக்காகவே பார்த்தவர்கள் உண்டு. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பதினைந்து பைசா கார்டை நீட்டி, "எழுது" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். ஹெக்டேர் என்று சொல்வதோடு ஏக்கருக்கும் மாவுக்கும் சேர்த்துச் சொல்லவும். சத்துக் கணக்கோடு மூட்டைக் கணக்கையும் சொல்லவும். இலை மஞ்சளாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டினீர்கள், எங்கள் பெட்டியில் எல்லாம் சாம்பல் நிறம், ஆகவே நோயை வாயாலும் விவரிக்கவும். செருப்பைக் கழற்றிய பிள்ளையை அடிக்கடி அனுப்பவும். கடைசியில் "குற்றம் குறை இருந்தால் மன்னிக்கவும்" என்று போடச் சொல்லி, என் பெயரையும் விலாசத்தையும் எழுதச் சொன்னார். "நீதான் ஆபீஸர், உன் பேர்ல போனா மதிப்பான்."

நான் ஆபீஸர் இல்லை, குமாஸ்தா. என் பெயரும் மேற்கு மாம்பலமும் டிவியில் வந்தால் மறுநாள் ஆபீஸில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். எங்கள் செக்ஷனில் எல்லோரும் 'எதிரொலி' பார்ப்பார்கள். "என்னப்பா, ஒரு ஹெக்டேருக்கு எத்தனை குழி?" என்று மாதக்கணக்கில் கேட்பார்கள். ஊர்க்காரன் என்று ஏற்கெனவே ஒரு கேலி ஓடிக்கொண்டிருந்தது. கார்டைப் பேன்ட் பைக்குள் வைத்தேன். தபால்பெட்டியைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். தாண்டிப் போனேன்.

"போட்டுட்டியா?" என்று சாயங்காலம் கேட்டார். "போட்டாச்சுப்பா" என்றேன்.

வாராவாரம் 'எதிரொலி'க்கு உட்கார்ந்தார். முதல் வாரம், "இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது." இரண்டாம் வாரம், "ஆயிரம் கடுதாசி வரும், வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல." யாரோ ஒருவர் பாட்டு போதவில்லை என்று எழுதியதைப் படித்தார்கள், வேறொருவர் அறிவிப்பாளரின் புடவையைப் புகழ்ந்திருந்தார், அதையும் படித்தார்கள். ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, அப்பா மெதுவாக, "நான் சொன்ன தமிழ் சரியில்லையோ? நீ கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கலாம்" என்றார்.

இதற்குள் என் மனைவி துவைக்கப் போட்ட பேன்ட்டில் கார்டைப் பார்த்துவிட்டாள். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "மாமாகிட்ட சொல்லிடுங்க. இல்லைன்னா இன்னைக்காவது போடுங்க." சொல்கிறேன் என்றேன். கார்டின் மையும் கொஞ்சம் கலைந்திருந்தது, வேறு எழுதிப் போடலாம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டையும் செய்யவில்லை.

பிறகு ஒரு நாள், சம்பா பட்டத்துக்கு முன்னால் என்று நினைக்கிறேன், நான் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து அப்பா கத்தினார். பதறி ஓடினேன். டிவியில் ஒரு அதிகாரி, "ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா! ஏக்கருங்கிறான். மூட்டைங்கிறான். கடுதாசி போய்ச் சேர்ந்துட்டுதுடா! படிக்கலைன்னா என்ன, செஞ்சுட்டான் பாரு!"

மாடி மாமியைக் கூப்பிட்டுச் சொன்னார். மாமி கை தட்டினார். ஊருக்குக் கார்டு எழுதச் சொன்னார், குத்தகைக்காரருக்கு ஒன்று, என் சித்தப்பாவுக்கு ஒன்று. அந்த இரண்டு கார்டுகளையும் நான் அன்றைக்கே தபால்பெட்டியில் போட்டேன்.

மறுவாரம் வேறு அதிகாரி வந்து மறுபடியும் ஹெக்டேர் என்றார். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இவனுக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார்.

1986-இல் அவர் பிடிவாதமாக ஊருக்கே திரும்பிப் போனார். இரண்டு வருஷம் இருந்தார். காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, எதிர் வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார்: "இவங்க அப்பாதான் மெட்ராஸ் டிவிக்காரனுக்கே கடுதாசி போட்டு, ஏக்கர்ல பேச வச்ச ஆளு. என்ன தம்பி?"

என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

அந்தக் கார்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. மளிகைக் கணக்கு நோட்டு ஒன்றுக்குள் வைத்திருக்கிறாள். நாலாவது வரியில் "சாம்பல் நிறம்" மட்டும் இப்போதும் தெளிவாகப் படிக்க முடிகிறது.

நேற்று அந்தத் தக்காளிப் பெண்ணுக்கு எழுதினேன். "அம்மா, உங்கள் நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது. நட்டதற்கும் பறித்ததற்கும் நடுவில் செடிக்கு என்னென்ன வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எது பலிக்கவில்லை என்பதையும் காட்டினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்." என் பெயரைப் போட்டேன், ஊரையும் போட்டேன். என் மனைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பொத்தானை அழுத்தி, அது திரையில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் செடிகளுக்குத் தண்ணீர் விட எழுந்து போனாள்.